பட்டப்பெயரும் படக்கதை நூலும்



கொச்சி மாநகரின் தென்கோடியில், காயலும் கழியும் சூழக் கிடக்கும் ஊர் இடக்கொச்சி. பாலம் ஒன்றைக் கடந்தால் அரூர். அங்கே ஆலப்புழை மாவட்டம் தொடங்கிவிடுகிறது. இவ்வூரிலும், வடக்கே பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை ஆகிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கோட்டைப் பகுதியின் வண்ணார் துறையில் தொழில் செய்வோர், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர் என்பர். வாத்துருத்தியிலோ சென்ற ஆண்டு வந்திறங்கிய கட்டடத் தொழிலாளரையும் காணலாம். முந்நூறு ஆண்டு வேறுபாடு இருப்பினும், இவ்விருவர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் ஒரே பட்டப்பெயரைக் கேட்க நேர்வதுண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

எங்களிற் சிலர் சேர்ந்து, ஞாயிறு காலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டி வருகிறோம். ஓர் அலமாரி, இரண்டு பாய்கள், படக்கதை நூல்கள் ஒரு நூற்றுக்குச் சற்றே குறைவு. எங்கள் நூலகம் அவ்வளவே. ஒரு நாள் கதை தொடங்குமுன் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எங்களுள் மூத்தவரை அணுகி, “மாமா, பாண்டின்னா கெட்ட வார்த்தையா?” என்று கேட்டாள்.

எவ்விடத்தில் எவ்வாறு அச்சொல்லைக் கேட்டாள் என்று வினவ வேண்டிய தேவை எங்களுக்கு எழவில்லை. கேரளத்தில் வாழும் தமிழர் எவரும் அதை அறிவர். வடக்கே வாழும் நேயர்களுக்கு ‘மதராசி’ என்ற சொல் நினைவுக்கு வரலாம். பெரியவர் விடை கூற முற்பட்டார். மலைக்குக் கிழக்கே பாண்டியர் ஆண்ட நாடு பாண்டிநாடு. அந்நாட்டிலிருந்து வந்தவரை இந்நாட்டார் பாண்டி என்றனர். அது மதுரையையும் கொற்கையையும் ஆண்ட மன்னர் குலத்தின் பெயரன்றோ என்றார். மேலும், திருச்சூர்ப் பூரத்தில் வடக்குந்நாதன் கோயிலின் உள்ளே, இலஞ்சி மரத்தடியில் நூற்றுக்கணக்கான கலைஞர் கூடி முழக்கும் மேளத்தின் பெயரே பாண்டிமேளந்தான் என்பதையும் எடுத்துரைத்தார். யாவும் உண்மையே. சிறுமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனா அவங்க சிரிக்கிறாங்களே மாமா” என்றாள்.

பெரியவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. சொல்லின் பொருள் அவளைச் சுடவில்லை. அச்சொல்லைத் தொடர்ந்த சிரிப்புத்தான் சுட்டது. சிரிப்புக்கு வரலாற்றைக் கொண்டு விடையிறுக்க எங்களால் இயலவில்லை.

பிறர்மேற் குறை கூறுமுன் நம் வீட்டையும் சற்று நோக்குதல் முறை. பிறந்த பிள்ளையின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் குங்குமப்பூவைப் பற்றிப் பேசாத உறவினர் நம்மில் எத்தனை பேர்? கறுப்பி, குண்டன், சோடாபுட்டி, திக்குவாய் என்னும் பெயர்களை நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதன்முதல் கேட்பது பள்ளியிலன்று, திருமண வீடுகளில்தான். கோடை விடுமுறைக்குத் தென்காசிப் பக்கமோ தேனிப் பக்கமோ பாட்டி வீடு செல்லும் எங்கள் பிள்ளைகள், அங்கே ‘மலையாளத்தான்’ என்று அழைக்கப்பட்டுத் திரும்புகின்றனர். காயலுக்கு இக்கரையில் பாண்டி. மலைக்கு அக்கரையில் மலையாளத்தான். ஒரே பிள்ளைக்கு ஆண்டில் பத்து மாதம் ஒரு பெயர், இரண்டு மாதம் மற்றொரு பெயர்.

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். மனித இயல்பை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியை உவமை காட்டினார் வள்ளுவர். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கின்றனர். ஒப்புவித்த அன்றைக்கே இடைவேளையில் பட்டப்பெயர் சொல்லியும் அழைக்கின்றனர். அறிவுரை, யாரோ ஒருவரை நோக்கி விரல் நீட்டியே பேசுகிறது. தம்மைக் குறித்துத்தான் பேசுகிறது என்று கேலி செய்கிறவர் எண்ணுவதில்லை. கேலிக்கு ஆளானவரோ, தம்மிடம் ஏதோ குறை உள்ளதால்தான் இவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்.

படக்கதை நூல் விரல் நீட்டுவதில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு வாத்துக்குஞ்சு, ஒரு சிறுவன், ஒரு காளை என்று தொடங்கிவிடுகிறது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதில் மற்றொரு வசதியும் உண்டு. பள்ளியில் ஓர் எழுத்து, வீட்டில் ஓர் எழுத்து எனத் தடுமாறும் பருவத்தில் படத்துக்கு எழுத்துத் தேவையில்லை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும், தலை குனிந்து மூலையில் நிற்கும் சிறுவனின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறது.

ஆயினும் இவ்வகைக் கதைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. திண்ணையில் படித்துக் காட்டிய பின்னரே எங்களுக்கு அது விளங்கிற்று.

யாவரும் அறிந்த கதையிலிருந்தே தொடங்குவோம். டென்மார்க்கு நாட்டின் ஓடன்சே நகரில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஆண்டர்சன். நெட்டையான, ஒழுங்கற்ற உருவம் உடையவர். இளமையில் பலருடைய ஏளனத்துக்கு ஆளானவர். 1843இல் அவர் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையில், குஞ்சு எங்கும் விரட்டப்பட்டு, குளிர்காலமெல்லாம் துன்புற்று, இறுதியில் தான் வாத்தே அன்று, அன்னம் என்று கண்டுகொள்கிறது. இக்கதையை நாங்கள் உணர்ச்சியோடு படித்து முடித்தபோது, “அது வாத்தாவே இருந்திருந்தா?” என்று கேட்டான் ஒரு பையன். நூற்றெண்பது ஆண்டுகளாக உலகம் போற்றும் கதைக்கு இதைவிடக் கூர்மையான திறனாய்வை நாங்கள் படித்ததில்லை. பழிக்கப்பட்ட குஞ்சுக்கு அக்கதை அளிக்கும் ஆறுதல், நீ இவர்களைச் சேர்ந்தவன் அல்லை, இவர்களினும் உயர்ந்தவன் என்பதே. பெரும்பாலான பிள்ளைகள் அன்னமாக மாறப்போவதில்லை. எடுப்பான பல்லோடும் கருநிறத்தோடும் வாழ்ந்து, அவ்வாறே மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

நம் மண்ணில் பிறந்த கதை ஒன்று எங்கள் அலமாரியில் மிகுதியாகக் கை பட்டுத் தேய்ந்திருக்கிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. ஜை விட்டேக்கர் எழுத, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்தது. காளி என்னும் இருளர் குடிச் சிறுவனும் ஒரு சாரைப்பாம்புமே கதையின் மாந்தர். காளியின் தந்தை பாம்பு பிடிப்பதில் வல்லவர். வீட்டில் அது பெருமை; பள்ளியிலோ அவன் தனியன். அவன் தின்னும் வறுத்த ஈசலைக் கண்டு மற்றப் பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். ஒரு நாள் வகுப்பறைக்குள் பாம்பு நுழைந்துவிட, எல்லாரும் அலறும்போது காளி அதைப் பிடிக்கிறான்.

இங்கே ஒரு வார்த்தை. ஈசல் தின்பது எள்ளி நகையாடத்தக்கது என்று எண்ணும் தமிழ்ப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் புறநானூற்றைக் காட்டலாம். பாரியை இழந்த பறம்பு நாட்டை நினைந்து கபிலர் பாடும்போது, செம்புற்றிலிருந்து கிளம்பும் ஈயலை மோரோடு சேர்த்துப் புளிக்கச் சமைத்த உணவை அந்நாட்டின் வளங்களுள் ஒன்றாகச் சொல்கிறார். காளியின் தின்பண்டம் சங்கப் புலவர் நாவுக்கு இனித்த பண்டம்.

கதைக்கு வெளியேயும் இருளரின் வரலாறு கேட்கத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத் தோல் வாணிகம் நின்றபோது, அதை நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பிழந்தன. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அச்சங்கத்தினர் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்புக்கடிக்கு நம் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் மாற்று மருந்துக்கு அந்நஞ்சே மூலப்பொருள். அக்குடியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023இல் இருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினர்.

கைதட்டல் ஓய்ந்தபின் இஸ்திரிக் கடைக்காரர் மகன் ஒருவன், “எங்க கிளாஸ்ல பாம்பு வராது. சட்டை கசங்கினா வேணா என்னைக் கூப்பிடுவாங்க” என்றான். எல்லாரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். தன்னைத்தானே முந்திக்கொண்டு கேலி செய்துகொள்ளும் பிள்ளை, வெளியே எத்தனை முறை கேலி செய்யப்பட்டிருக்கும் என்பதை நாங்கள் பின்னரே எண்ணிப் பார்த்தோம். அவன் சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. காளியின் கதை நல்ல கதை. ஆனால் பாம்பு வந்ததால்தான் காளிக்கு மதிப்பு வந்தது. வராதிருந்தால்? மதிப்புப் பெற ஒரு பிள்ளை அருஞ்செயல் புரிந்தாக வேண்டும் என்றால், அருஞ்செயல் வாய்க்காத பிள்ளைகள் என்ன செய்வர்?

இவ்வையத்துக்கு ஓரளவு விடை தருவது ஜப்பானிய ஓவியர் தாரோ யாஷிமாவின் ‘காகப் பையன்’. இராணுவ ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1939இல் தாய்நாட்டை விட்டு அமெரிக்கா சென்றவர் அவர். அந்நிய நாட்டில் இருந்துகொண்டு, தம் சிற்றூர்ப் பள்ளியை நினைந்து, 1955இல் ஆங்கிலத்தில் இந்நூலை வெளியிட்டார். பள்ளியின் முதல் நாளில் கட்டடத்தின் அடியில் ஒளிந்துகொண்ட ஒரு சிறுவன். சிறியவன் என்று பொருள்படும் ‘சிபி’ என்பது அவனுக்கு மற்றவர் இட்ட பட்டப்பெயர். ஐந்து ஆண்டுகள் அவனோடு எவரும் சேரவில்லை. ஆறாம் ஆண்டு இசொபே என்னும் ஆசிரியர் வருகிறார். பள்ளிக்குப் பின்னுள்ள குன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார். சிபிக்குச் செடி கொடிகளின் பெயரெல்லாம் தெரிந்திருப்பதைக் காண்கிறார். அவன் வரைந்த படங்களையும், அவனைத் தவிர வேறெவராலும் படிக்க இயலாத அவன் கையெழுத்தையும் சுவரில் ஒட்டிவைக்கிறார். ஆண்டிறுதி விழாவில் சிபி மேடையேறிக் காகங்களின் குரல்களைக் குரலால் காட்டுகிறான். குஞ்சின் குரல், தாயின் குரல், துன்பத்தில் கரையும் குரல். தொலைவிலுள்ள தன் வீட்டிலிருந்து விடியலில் புறப்பட்டு, பொழுது சாயும்போது திரும்பி, ஆறாண்டும் ஒரு நாளும் தவறாமல் அவன் பள்ளிக்கு வந்தான் என்பதை ஆசிரியர் சொல்லுகிறார். பிள்ளைகள் அழுகின்றனர்.

காகக் குரலும் ஒரு திறமைதானே, பாம்பு பிடிப்பது போல என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆயினும் அப்பிள்ளைகள் அழுதது அவன் திறமையைக் கண்டு மட்டுமன்று. ஆறாண்டு தாம் செய்ததை நினைந்து. மேடைக்கு வெகு நாள் முன்னரே ஆசிரியர் அவனை மதித்துவிட்டார் என்பதும் கருதத்தக்கது.

இன்னொரு நூல், புலம்பெயர்ந்தோராகிய நமக்கென்றே எழுதப்பட்டது போன்றது. அமெரிக்க எழுத்தாளர் எலினார் எஸ்டெஸ் 1944இல் எழுதிய ‘நூறு உடைகள்’. படக்கதை நூலினும் சற்றுப் பெரியது. லூயிசு சுலோபோட்கின் படம் வரைந்தது. போலந்து நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துச் சிறுமி வாண்டா. அவள் பெயர் வகுப்பிலுள்ளோர் வாயில் நுழையவில்லை. நாள்தோறும் வெளுத்துப்போன ஒரே நீல உடையில் வருகிறாள். தன் வீட்டில் நூறு உடைகள் இருப்பதாக அவள் ஒருமுறை கூறிவிட, அதையே சொல்லிச் சொல்லி மாணவியர் நாள்தோறும் அவளைச் சீண்டுகின்றனர். ஒரு நாள் அவள் வரவில்லை. பெயரை எவரும் கேலி செய்யாத பெருநகருக்குக் குடும்பத்தோடு செல்வதாகத் தந்தையின் கடிதம் வருகிறது. நூறு உடைகளும் அவள் தன் கையால் வரைந்த நூறு ஓவியங்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது. நம் நாட்டிலும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல ஆண்டுகள் இக்கதை இடம்பெற்றிருந்தது.

இக்கதையில் எம் மனத்தில் நிற்பவள் வாண்டா அல்லள். மேடி என்னும் மற்றொரு சிறுமி. அவளும் ஏழை; பிறர் கொடுத்த பழைய உடையை உடுத்துபவள். தன் தோழி வாண்டாவைச் சீண்டுவதை அவள் விரும்பவில்லை. தடுத்தால் அடுத்துத் தன்னைச் சீண்டுவாளோ என்னும் அச்சத்தால் வாய் மூடி நிற்கிறாள். வாண்டா சென்றபின் அவளுக்கு உறக்கம் வரவில்லை. எஸ்டெஸ் தம் பள்ளிப் பருவத்தில் உடன் பயின்ற ஒரு சிறுமியை நினைந்தே இதை எழுதினார் என்பர்.

பின்லாந்து நாட்டின் தூர்க்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் கிறிஸ்தீனா சால்மிவாலியும் உடன் ஆய்ந்தோரும் 1996இல் இதையே ஆராய்ந்து காட்டினர். வகுப்பில் ஒருவர் சீண்டப்படும்போது சீண்டுபவர், சீண்டப்படுபவர் என்று இருவர் மட்டுமே இருப்பதில்லை. துணை செய்வோர், சிரித்து ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், காத்து நிற்போர் எனப் பிறரும் பங்கு கொள்கின்றனர். அந்த ஆய்வின் வழியில் வகுத்த ‘கிவா’ என்னும் திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாகக் கையாளப்பட்டது. கேலிக்கு ஆளான பிள்ளையின் மனத்தைத் திடப்படுத்துவதோடு, சுற்றி நிற்கும் பிள்ளைகளை மாற்றுவதே அதன் நோக்கம்.

ஆகவே எங்கள் வழக்கத்தில் ஒரு மாறுதல் செய்தோம். பிள்ளை அழுதுகொண்டு வந்ததும் அதற்குரிய நூலை மருந்துபோல் எடுத்து நீட்டுவதை நிறுத்திவிட்டோம். அப்படி நீட்டினால், இது உன் நோய்க்கு என்று சொல்லாமற் சொல்வதாகிவிடுகிறது. ஒன்றும் நேராத ஒரு ஞாயிறில், எல்லாரும் இருக்கையில் படிக்கிறோம். படித்து முடித்து, இக்கதை கூறும் நீதி யாது என்று கேட்பதில்லை. மேடி அன்றைக்கே பேசியிருந்தால் எந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள் என்று கேட்கிறோம். வந்த விடைகளில் நெடிய விடைகள் பயன்படவில்லை. “போதும் விடு” என்பதும், சீண்டப்பட்டவளை நோக்கி “வா, நாம போலாம்” என்பதுமே பிள்ளைகளுக்கு வாயில் வந்தன. பேசவே அஞ்சும் பிள்ளை, அருகில் சென்று அமரலாம் என்றது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தன் மொழியின் பொருட்டுக் கேலி செய்யப்படும் பிள்ளைக்குத் தாயோ தந்தையோ தமிழில் படித்துக் காட்டுவதற்கு ஈடில்லை. கேலிக்குரியதாக வெளியே கேட்ட மொழி, வீட்டில் கதை சொல்லும் மொழியாகிறது. ஆனால் கேலி செய்யும் பிள்ளைக்கும் அருகில் நிற்கும் பிள்ளைக்கும் தமிழ் தெரியாதே? அங்கே அந்நாட்டு மொழியிலுள்ள நூல் வேண்டும். தூலிகா பல இந்திய மொழிகளில் நூல் வெளியிடுகிறது. தமிழும் மலையாளமும் அவற்றுள் அடங்கும். 1957இல் தோன்றிய தேசியப் புத்தக நிறுவனமும் குறைந்த விலையில் பல மொழிகளில் சிறுவர் நூல்களை அளித்து வருகிறது. அதே ஆண்டில் தில்லியில் குழந்தைப் புத்தக நிறுவனத்தைத் தொடங்கிய கேலிச்சித்திரக்காரர் சங்கர், காயங்குளத்தில் பிறந்த மலையாளி. பிரதம் புத்தக நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணைய நூலகத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்; அச்சிட்டுக்கொள்ளவும் செய்யலாம். கேரளத்தில் வாழ்வோர் அருகிலுள்ள வாசகசாலைக்குச் சென்று தமிழ்ப் படக்கதை நூல் வாங்குமாறு விண்ணப்பம் கொடுப்பதில் தயக்கம் வேண்டா. பி. என். பணிக்கர் வளர்த்த நூலக இயக்கம் ஊர்தோறும் வேரூன்றிய நாடு இது. எங்கள் விண்ணப்பத்துக்கு நான்கு நூல்கள் வந்தன. நான்கும் சிறியவையே, எனினும் வந்தன.

அச்சிறுமியைப் பற்றிக் கூறாமல் விடுவது முறையன்று. பள்ளியில் அப்பெயர் இன்னும் நின்றபாடில்லை. ஆசிரியர் ஒருவரிடம் அவள் அன்னை சென்று முறையிட்டதில், சில நாள் அடங்கி மீண்டும் தொடங்கிற்று. சென்ற மாதம் மலையாளத்தில் ஒரு படக்கதை நூல் வேண்டுமென்று எங்களிடம் கேட்டாள். உனக்குத்தான் தமிழ் நன்றாகப் படிக்க வருமே என்றோம். “எனக்கில்லை, என் பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்கு” என்றாள். எடுத்துக் கொடுத்தோம். மூன்று ஞாயிறுகள் கடந்துவிட்டன. நூல் அலமாரிக்குத் திரும்பவில்லை; நாங்களும் கேட்கவில்லை.